பத்தாண்டாக அதே மேசை: டெல்லியில் எல்.டி.சி.யாகப் பணிபுரியும் ஒருவருக்கு

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் என் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன். 2016 ஆகஸ்டில், பன்னிரண்டாம் வகுப்புத் தகுதிக்கான சி.எச்.எஸ்.எல். தேர்வு வழியாக மத்திய அரசில் எல்.டி.சி.யாக, அதாவது கீழ்நிலை எழுத்தராகச் சேர்ந்தீர்கள், அன்று முதல் டெல்லியில் ஒரே அலுவலகம். அடிப்படை ஊதியம் இப்போது 26,000 ரூபாய், பிடித்தம் போகக் கையில் வருவது ஏறத்தாழ 50,000. முனிர்காவில் வாடகை வீடு, மனைவி, பள்ளி செல்லும் ஒரு குழந்தை. பட்டப்படிப்பு முடித்திருந்தும், வரும் கடிதங்களுக்கு எண் போட்டுப் பிரிவுகளுக்கு அனுப்பும் டைரி-டிஸ்பாட்ச் மேசையிலேயே இன்றுவரை அமர்ந்திருக்கிறீர்கள். குருகிராமில் ஒரு தனியார் நிறுவனம் மாதம் 65,000 தருவதாகச் சொல்கிறது. விட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள். ஆனால் கடிதத்தின் நடுவில், "இன்னும் எத்தனை வருடம் காத்திருந்தால் இது மாறும்?" என்று ஒரு வரி இருக்கிறது. நீங்கள் உண்மையில் கேட்பது அதுதான் என்று நினைக்கிறேன். அதற்குப் பதில் தெரிந்துவிட்டால், விடுவதா இருப்பதா என்பதை நீங்களே முடிவு செய்துவிடுவீர்கள்.

நான் 31 ஆண்டுகள் டெல்லியில் மத்திய அரசுப் பணியில் இருந்து பிரிவு அலுவலராக ஓய்வு பெற்றவன். தொடங்கியது உங்களைப் போல எல்.டி.சி.யாகத்தான். பணிக்காலத்தில் பாதிக்கு மேல் நிர்வாகப் பிரிவில் கழிந்தது. ஊதிய நிர்ணயம், பணிமூப்புப் பட்டியல், பதவி உயர்வுக் குழுவுக்கான குறிப்புகள் ஆகியவையே அங்கு என் அன்றாட வேலை. ஆகவே அரசு விதிகளைப் பற்றிச் சொல்வதை உறுதியோடு சொல்கிறேன். ரயில்வேக்கும் அஞ்சல் துறைக்கும் தனி வழக்கங்கள் உண்டு, அவை எனக்குப் பழக்கமில்லை. தனியார் நிறுவனங்களில் ஒருவர் எப்படி மேலே போகிறார் என்பதையும் வெளியிலிருந்து பார்த்தவனாகவே பேச முடியும்.

காத்திருந்தால் என்ன கிடைக்கும் என்பதை ரூபாயில் பார்ப்போம். வரும் ஜூலையில் வழக்கமான ஆண்டு உயர்வில் உங்கள் அடிப்படை ஊதியம் 26,800 ஆகும். ஆகஸ்டில் பத்தாண்டு நிறைவதால், பதவி உயர்வு கிடைக்காதவருக்குத் தரும் எம்.ஏ.சி.பி. எனப்படும் நிதி மேம்பாடு வரும். மத்திய அரசின் ஊதிய அட்டவணையில் இப்போது நீங்கள் இருக்கும் நிலையான லெவல் 2-லேயே ஓர் இன்கிரிமென்ட் (ஓர் ஆண்டு உயர்வு) சேர்த்து, அந்தத் தொகைக்குச் சமமான அல்லது அதற்கு அடுத்த கட்டத்தில் லெவல் 3-ல் வைப்பார்கள். 26,800 என்பது 27,600 ஆகும்; லெவல் 3-லும் 27,600 என்ற கட்டம் இருப்பதால் அங்கேயே நிற்கும். பத்தாண்டு உழைப்புக்கான மேம்பாடு அடிப்படையில் 800 ரூபாய். 2025 ஜூலை முதலான 58 சதவீத அகவிலைப்படியையும், டெல்லிக்குரிய 30 சதவீத வீட்டு வாடகைப்படியையும் சேர்த்தால் மாதம் 1,504 ரூபாய். பத்தாவது ஆண்டை எட்டும்போது இந்த எண்ணைக் கண்டு மனம் உடையாதவரை நான் அதிகம் பார்த்ததில்லை. எம்.ஏ.சி.பி. உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு, கணக்கில் பிழை இருக்கிறதா என்று கேட்டு என் மேசைக்கு வந்தவர்கள் பலர். பிழை இருந்ததில்லை.

அடுத்த பதவியான யு.டி.சி.யாக (மேல்நிலை எழுத்தராக) உயர்வே கிடைத்தாலும் பெரிய மாற்றம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதே நாளில் லெவல் 4-க்கு உயர்ந்தால் 27,600-க்கு அடுத்த கட்டமான 27,900-ல் வைப்பார்கள். எம்.ஏ.சி.பி.யைவிட 300 ரூபாய் கூடுதல், அவ்வளவுதான். ஊதிய அட்டவணையின் கீழ்ப்படிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. பத்தாண்டு இன்கிரிமென்ட் வாங்கிய எல்.டி.சி. ஏற்கெனவே லெவல் 4-ன் தொடக்கத்தைத் தாண்டியிருப்பார். இதே அட்டவணையில் லெவல் 6 தொடங்குவது 35,400-ல், லெவல் 7 தொடங்குவது 44,900-ல். இன்று உங்கள் மொத்த ஊதியம், அடிப்படை 26,000, அகவிலைப்படி 15,080, வாடகைப்படி 7,800, போக்குவரத்துப்படி 5,688 எனச் சேர்ந்து 54,568 ரூபாய். மத்தியச் செயலகப் பணியில் ஏ.எஸ்.ஓ.வாக (உதவிப் பிரிவு அலுவலராக) லெவல் 7-ல் இன்று சேர்பவர் முதல் மாதத்திலேயே இதே கணக்கில் 90,100 பெறுவார். அடுத்த படிக்காகக் காத்திருந்தால் மாதம் 1,504, இந்தத் தாண்டலுக்கு மாதம் 35,532. எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும் என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். நீங்கள் எதிர்பார்க்கும் மாற்றம் காத்திருப்பவரிடம் வருவதாக இந்த அட்டவணை அமைக்கப்படவில்லை. லெவல் 2-ல் நுழைந்தவர் தேர்வு எழுதித்தான் லெவல் 6-க்கோ 7-க்கோ விரைவில் போக முடியும்.

எம்.ஏ.சி.பி. ஏன் இப்படி இருக்கிறது என்று கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஐந்தாவது ஊதியக் குழுவுக்குப் பின் 1999-ல் வந்த ஏ.சி.பி. திட்டத்தில், 12 மற்றும் 24 ஆண்டுகளில் பதவி உயர்வுப் படிநிலையில் அடுத்த பதவிக்கு என்ன ஊதியமோ அதையே கொடுத்தார்கள். 2008 செப்டம்பர் முதல் வந்த எம்.ஏ.சி.பி., ஆண்டுகளை 10, 20, 30 என்று குறைத்தது. ஆனால் அடுத்த பதவியின் ஊதியத்துக்குப் பதிலாக அட்டவணையில் அடுத்துள்ள நிலையை மட்டும் கொடுத்தது. பழைய முறையே வேண்டும் என்று பல துறை ஊழியர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், அட்டவணையில் அடுத்த நிலைதான், அடுத்த பதவியின் ஊதியம் அல்ல என்று முடித்துவிட்டது. வழக்குப் போட்டால் கிடைத்துவிடும் என்று இன்னும் யாராவது உங்களிடம் சொன்னால், தயவுசெய்து அதற்குச் சந்தா கொடுக்காதீர்கள்.

அதற்காக அந்த 800 ரூபாயை அலட்சியமாக விட்டுவிடவும் கூடாது. அது அடிப்படையில் சேர்வதால் பணிக்காலம் முழுவதும் தொடரும். அதைப் பெற ஏ.பி.ஏ.ஆர். எனப்படும் ஆண்டு மதிப்பீட்டறிக்கை 'மிக நன்று' என்ற அளவில் இருக்க வேண்டும் என்று 2016 ஜூலையில் விதி கடுமையாக்கப்பட்டது. 10-க்கு 6 மதிப்பெண்ணுக்குக் கீழே இறங்கினால் அது 'நன்று' ஆகிவிடும். என் பிரிவில் ஒருவருக்கு ஓர் ஆண்டு 5.8 போட்டிருந்தார்கள். போட்ட அதிகாரிக்கு அவர்மீது பகை எதுவும் இல்லை. எல்லோருக்கும் அப்படித்தான் போடுவது அவர் வழக்கம். ஊழியரும் 'நன்று' என்ற சொல்லைப் பார்த்து மகிழ்ந்து கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டார். மூன்றாண்டு கழித்து எம்.ஏ.சி.பி. மறுக்கப்பட்டபோதுதான் அந்தச் சொல்லின் பொருள் அவருக்குப் புரிந்தது. அறிக்கையின் நகல் கைக்கு வந்த 15 நாட்களுக்குள் முறையிட உங்களுக்கு உரிமை உண்டு. கடந்த ஐந்தாண்டு அறிக்கைகளை இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். ஊதிய நிர்ணயத்தில் உடனடியாக ஏற்பதா, அடுத்த இன்கிரிமென்ட் நாளிலிருந்து ஏற்பதா என்று ஒரு மாதத்துக்குள் விருப்பம் தெரிவிக்கும் வாய்ப்பும் வரும். எது நல்லது என்பது பத்தாண்டு நிறையும் மாதத்தைப் பொறுத்து மாறும்.  இரண்டு விதமாகவும் சில ஆண்டுகளுக்குக் கணக்குப் போட்டுவிட்டே கையெழுத்திடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. முறையான பதவி உயர்வு வந்து, இடமாற்றம் பிடிக்காமலோ வேறு காரணத்தாலோ அதை மறுத்துவிட்டால், பிறகு எம்.ஏ.சி.பி.யும் கிடைக்காது. டெல்லியை விட்டுப் போக மனமில்லாமல் இப்படி மறுத்து, இரண்டையும் இழந்த தமிழ்க் குடும்பங்களை எனக்குத் தெரியும்.

பதவி உயர்வு எப்போது வரும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, கணக்கிடலாம். அதற்கு மூன்று விவரங்கள் போதும்: பணிமூப்புப் பட்டியலில் உங்களுக்கு முன்னால் எத்தனை பேர், மேல்நிலையில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, அடுத்த ஐந்தாண்டுகளில் அவற்றில் எத்தனை பேர் ஓய்வு பெறுகிறார்கள். முன்னால் 120 பேர் இருந்து ஆண்டுக்குப் பத்து இடம் காலியானால் பன்னிரண்டு ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்.டி.சி. முப்பது பேர், யு.டி.சி. பன்னிரண்டு பேர், அதற்கு மேல் நான்கே பேர் என்று இருக்கும் சிறிய அலுவலகத்தில் யாரும் வஞ்சிக்காமலேயே தேக்கம் வரும். மேலே நாற்காலியே இல்லை. செயலகப் பணி போன்ற பெரிய பிரிவுகளில் நிலைமை வேறு. அங்கு பதவி உயர்வில் இடஒதுக்கீடு தொடர்பான வழக்குகளால் ஆண்டுக்கணக்கில் நின்றிருந்த உயர்வுகள், 2022 ஜூலையில் 8,000-க்கும் மேற்பட்டோருக்கு ஒரே வீச்சில் வழங்கப்பட்டன. அப்படி மொத்தமாக இன்னொரு முறை வரலாம், வராமலும் போகலாம். அதை நம்பிக் குடும்பச் செலவைத் திட்டமிட முடியாது. அட்ஹாக், அதாவது தற்காலிக உயர்வாக வந்தால் மேல்பதவியின் ஊதியம் கிடைக்குமே தவிர, அந்தக் காலம் பணிமூப்பில் சேராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி தேர்வு. இரண்டு வகை இருக்கிறது. உங்கள் பணிப்பிரிவின் ஆள்சேர்ப்பு விதிகளில் துறைவாரித் தேர்வுக்கு இடம் இருந்தால், பணிமூப்பைத் தாண்டி மேலே போக அதுவே நேர்வழி. இல்லையென்றால் மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி. பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.ஜி.எல். தேர்வு. பட்டம் இருக்கிறது; வயது முப்பது என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றாண்டுக்கு மேல் முறையான பணியில் இருக்கும் மத்திய அரசு ஊழியருக்கு வயதுத் தளர்வு உண்டு. அது பதவியின் பிரிவைப் பொறுத்து மாறுவதால், அந்தந்த ஆண்டின் அறிவிக்கையில் ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். எந்தத் தேர்வுக்கு விண்ணப்பித்தாலும் அலுவலகத் தலைவருக்குத் தெரிவித்து, முறையான வழியில் விண்ணப்பியுங்கள். தேர்வான பின் தடையின்மைச் சான்று பெற்று, 'டெக்னிக்கல் ரெசிக்னேஷன்' (வேறு அரசுப் பணியில் சேர்வதற்காகவே தரும் ராஜினாமா) கொடுத்துப் போகிறவருக்குப் பழைய பணிக்காலமும் சேர்ந்துள்ள விடுப்பும் தொடரும், ஊதியமும் குறையாமல் காக்கப்படும். பணி நிரந்தரம் பெற்றவராக இருந்தால் பழைய பதவியில் பொதுவாக இரண்டாண்டு லியனும், அதாவது திரும்பி வரும் உரிமையும் இருக்கும். புதிய இடம் ஒத்துவராவிட்டால் திரும்பி வரலாம். தேர்ச்சி பெறாவிட்டால் அவமானமாகிவிடும் என்று அலுவலகத்துக்குத் தெரிவிக்காமலே எழுதி, தேர்வான பிறகு சாதாரண ராஜினாமா கொடுத்து ஏழாண்டுப் பணிக்காலத்தைத் தொலைத்த இளைஞர் ஒருவரின் கோப்பை நானே முடித்து வைத்தேன். விதி அப்படி இருந்தது, என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. அந்தக் கோப்பு இன்றும் என் மனத்தில் இருக்கிறது.

குருகிராம் வாய்ப்பைப் பற்றி. 65,000 என்பதைக் கையில் வரும் 50,000-உடன் ஒப்பிட்டிருக்கிறீர்கள். அது சரியான ஒப்பீடு அல்ல. தனியார் நிறுவனங்கள் சொல்லும் தொகையில் நிறுவனம் கட்டும் வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடைக்கான ஒதுக்கீடு, சில இடங்களில் ஆண்டு முடிவில் கிடைத்தால் உண்டு என்னும் ஊக்கத்தொகை ஆகியவையும் அடங்கியிருக்கும். அதே முறையில் உங்கள் ஊதியத்தைக் கணக்கிட்டால், மொத்தம் 54,568-உடன், தேசிய ஓய்வூதியத் திட்டமான என்.பி.எஸ்.ஸில் அரசு உங்கள் பெயரில் போடும் 14 சதவீதமான 5,751 சேர்ந்து 60,319 ஆகிறது. வித்தியாசம் 5,000 ரூபாய்க்கும் குறைவு. அகவிலைப்படி ஆண்டுக்கு இருமுறை மாறும், மத்திய அரசு மருத்துவத் திட்டமான சி.ஜி.எச்.எஸ்.ஸுக்கு உங்களிடம் பிடிப்பது மாதம் 250 ரூபாய்தான். குழந்தையின் படிப்புக்கு மாதம் 2,812 ரூபாய் 50 காசு தனி. அரசுக் குடியிருப்புக்கு விண்ணப்பித்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. லெவல் 2 முதல் 5 வரை டைப்-2 வீட்டுக்குத் தகுதி உண்டு. கிடைத்தால் 7,800 ரூபாய் வாடகைப்படி நிற்கும், ஆனால் சில நூறு ரூபாய் உரிமக் கட்டணத்தில் நகரின் நடுவில் வீடு. முனிர்காவில் 7,800-க்குக் குடும்பத்தோடு இருக்க என்ன கிடைக்கும் என்பது உங்களுக்கே தெரியும். விண்ணப்பிக்காமல் இருந்தால் இந்த மாதமே செய்யுங்கள். தனியாருக்குப் போகச் சாதாரண ராஜினாமா கொடுத்தால் பத்தாண்டுப் பணிக்காலம் இழப்பாகிப் பணிக்கொடைக்கு எண்ணப்படாது; என்.பி.எஸ். கணக்கு மட்டும் உங்களோடு வரும்.

இதனால் தனியார் வேலைக்குப் போகவே கூடாது என்று சொல்லவில்லை. அங்கே மூன்றாண்டில் நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்பதை என்னால் கணிக்க முடியாது. உங்களைவிடத் துணிச்சலானவர்கள் போய் நன்றாக இருப்பதையும் பார்த்திருக்கிறேன். 65,000-க்காகப் போக வேண்டாம் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை. 90,000 என்றால் அது லெவல் 7-ன் தொடக்க ஊதியத்தை நெருங்குவது, அப்போது உட்கார்ந்து பேசலாம்.

எட்டாவது ஊதியக் குழு வந்தால் எல்லாம் சரியாகும் என்று உங்கள் பிரிவில் பேசிக்கொள்வதாக எழுதியிருந்தீர்கள். குழு 2025 நவம்பரில் நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையில் அமைக்கப்பட்டது, பரிந்துரைக்க 18 மாத அவகாசம் தரப்பட்டது. வாட்ஸ்அப்பில் சுற்றும் பெருக்கல் எண்கள் ஊகங்களே. எந்த எண் வந்தாலும் அது எல்லா நிலைகளையும் சேர்த்தே தூக்கும். உங்களுக்கும் ஏ.எஸ்.ஓ.வுக்கும் உள்ள இடைவெளி அதனால் மூடிவிடும் என்று எண்ண எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

பணத்தைவிட உங்களை அதிகம் வருத்துவது அந்த மேசைதான் என்று உங்கள் கடிதம் காட்டுகிறது. எம்.ஏ.சி.பி. வந்தாலும் பதவிப்பெயரும் வேலையும் மாறாது; மேசை மாற வேண்டுமானால் நீங்கள்தான் எழுதிக் கேட்க வேண்டும். ஒரே இருக்கையில் பல ஆண்டுகள் இருப்பவரைச் சுழற்சி முறையில் மாற்றுவது நிர்வாகத்துக்குப் புதியதல்ல. ஆனால் டைரி-டிஸ்பாட்சில் குறையில்லாமல் வேலை செய்பவரை எந்தப் பிரிவு அலுவலரும் தானாக விடமாட்டார். நானே அப்படி ஒருவரை நான்காண்டு பிடித்து வைத்திருந்தேன், அது தவறு. நீதிமன்ற வழக்குகள், வரவு செலவு, ஊதிய நிர்ணயம் ஆகியவற்றில் ஒன்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். விதிகளை எடுத்துக் குறிப்பு எழுதக் கற்ற எல்.டி.சி.யை அதிகாரிகள் தேடுவார்கள். அந்தப் பழக்கம் துறைத் தேர்வுக்கும் உதவும். இந்தியில் குறிப்பு எழுதத் தெரியாததால் ஒதுக்கப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த பலருக்கு இந்த வருத்தம் உண்டு, எனக்கும் இருந்தது. அலுவலக நேரத்திலேயே நடத்தப்படும் பிரபோத், பிரவீண், பிராக்யா என்னும் இந்தி வகுப்புகளில் சேருங்கள். உங்களுக்கு விதிக்கப்பட்ட இறுதித் தேர்வில் தேறினால் 12 மாதங்களுக்கு ஓர் இன்கிரிமென்ட் அளவு தனி ஊதியமும் தருவார்கள். அதைவிட, கோப்பில் இருப்பதைப் பிறர் படித்துச் சொல்லக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது.

குருகிராமுக்குப் பதில் சொல்லும் முன் பணிமூப்புப் பட்டியலையும், நான் சொன்ன மற்ற இரண்டு எண்களையும், உங்கள் பணிப்பிரிவின் ஆள்சேர்ப்பு விதிகளின் நகலையும் நிர்வாகப் பிரிவில் எழுத்து மூலம் கேளுங்கள். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பித்தால், 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அவை கிடைத்ததும் பெயர்களையும் அலுவலகத்தையும் மறைத்துவிட்டு எண்களை மட்டும் இங்கே எழுதுங்கள். எந்த ஆண்டு உங்கள் முறை வரும் என்று நானே கணக்கிட்டுச் சொல்கிறேன்.